வாரியக் குடியிருப்பின் சுற்றுச்சுவரில் எல்லாரும் சேர்ந்து ஓவியம்: சுவர், நிறம், ஆட்கள், அனுமதி

மூணாவது_பிளாக் (கேள்வி)

வணக்கம். வடசென்னையில் ஒரு பழைய குடிசை மாற்று வாரியக் குடியிருப்பு. நான்கு பிளாக், மொத்தம் 128 வீடுகள். தெருவை ஒட்டிய சுற்றுச்சுவர் 60 அடி நீளம், 9 அடி உயரம். அதில் குடியிருப்பவர்களே சேர்ந்து ஓவியம் வரைய வேண்டும் என்று இளைஞர் மன்றமும் இரண்டு மகளிர் சுயஉதவிக் குழுக்களும் முடிவு செய்திருக்கின்றன. வெளியிலிருந்து ஓர் ஓவியர் வந்து வரைந்துவிட்டுப் போவதாக இருக்கக் கூடாது என்பதில் எல்லாருக்கும் ஒரே கருத்து. கோடு போட்டுத் தருவதற்குக் கவின்கலைக் கல்லூரி மாணவர்கள் இருவர் இருக்கிறார்கள்.

சுவரின் நிலை: சிமென்ட் பூச்சு, மேலே பல வருடச் சுண்ணாம்பு, அதற்கும் மேலே போஸ்டர் ஒட்டிய பசை. உள்பக்கம் மண் மேடு வெளிப்பக்கத்தைவிட இரண்டடி உயரம். அதனால் கீழே இரண்டடிக்கு உப்பு பூத்து, பூச்சு பொரிந்து கிடக்கிறது. மேலே வெடிப்பு அதிகம் இல்லை. வடக்கு மூலையில் ஆட்கள் ஒதுங்குகிறார்கள். அங்கே தெருவிளக்கு எரிவதில்லை.

தெரிய வேண்டியவை: சுவரை எப்படித் தயார் செய்வது, பெயின்ட் எவ்வளவு வாங்குவது? ஆறு வயதுப் பிள்ளையிலிருந்து எழுபது வயதுப் பாட்டி வரை எப்படி வேலை பிரிப்பது? படத்தை எப்படி முடிவு செய்வது? சண்டை வராமல் என்று கேட்கவில்லை, சண்டை வந்தாலும் வேலை நிற்காமல். பொங்கலுக்குள் முடிக்க வேண்டும் என்று மன்றத்துப் பையன்கள் சொல்கிறார்கள்.

பட்டித்தகடு

பொங்கலுக்குள் நடக்காது. வடகிழக்குப் பருவமழை முடியவே டிசம்பர் கடைசி ஆகிவிடும். மண்ணை முட்டுக்கொடுத்து நிற்கும் சுவர் அதன் பிறகும் பல வாரம் ஓதமாகவே இருக்கும். ஜனவரியில் கொத்தனார் வேலை, பிப்ரவரிக் கடைசியில் பிரைமர், மார்ச்சில் ஓவியம் என்று வையுங்கள். பிள்ளைகளுக்குத் தேர்வு நெருங்கும், ஆகவே பிள்ளைகள் பங்குபெறும் நாட்களை மார்ச் முதல் பாதிக்குள் முடியுங்கள்.

முதல் வேலை பெயின்ட் கடையில் இல்லை, சுவரின் பின்பக்கம் இருக்கிறது. உள்பக்க மண்ணைச் சுவரை ஒட்டி ஓரடி அகலத்துக்கு, வெளித்தரை மட்டத்துக்கும் கீழே போகும்வரை தோண்டி எடுத்து, அந்தப் பள்ளத்தில் ஜல்லி நிரப்புங்கள். தோண்டுவதற்கு முன் ஒரு கொத்தனாரிடம் சுவரின் அஸ்திவார ஆழத்தைப் பார்க்கச் சொல்லுங்கள். பழைய சுவர் என்றால் மொத்த நீளத்தையும் ஒரே நாளில் தோண்ட வேண்டாம். பத்துப் பத்தடியாகத் தோண்டி நிரப்பிக்கொண்டே போக வேண்டும். வெளிப்பக்கம் தரையிலிருந்து அரையடி உயரத்தில் ஐந்தடிக்கு ஒன்றாக ஒரு அங்குல பிவிசி குழாயைச் சற்றே வெளிச்சரிவாகச் செருகிவிட்டால் மழைநீர் வடிந்துவிடும். இதைச் செய்யாமல் எவ்வளவு விலைக்குப் பெயின்ட் அடித்தாலும் அடுத்த மழையில் கொப்புளம் கிளம்பும். தண்ணீர் பின்னாலிருந்து தள்ளும்போது முன்னால் இருக்கும் படலம் பிடித்து நிற்காது.

பொரிந்த பூச்சை, உப்பு தெரியும் கோட்டுக்கு மேலே இன்னும் ஓரடி சேர்த்துக் கொத்தி எடுங்கள். உப்பைத் தண்ணீர் விட்டுக் கழுவாதீர்கள், கரைந்து மறுபடி சுவருக்குள்ளேயே போய்விடும். உலர்ந்த கம்பி பிரஷ்ஷால் தேய்த்து, விழும் தூளைக் கூட்டி அப்புறப்படுத்த வேண்டும். புதுப் பூச்சுக்குச் சிமென்ட் ஒன்றுக்கு மணல் நான்கு என்ற கலவை. உப்பு மணல் வந்துவிடாமல் பாருங்கள். ஏழு நாள் தண்ணீர் விட்டு, மொத்தம் 28 நாளாவது ஆற விடவும். ஆறாத புதுப் பூச்சில் காரம் அதிகம், மேலே அடிக்கும் நிறத்தைத் தின்றுவிடும், குறிப்பாக நீலங்களையும் ஊதாவையும்.

மேல்பகுதியில் சுண்ணாம்பை முழுக்கச் சுரண்டியாக வேண்டும். சுண்ணாம்பின் மேல் எமல்ஷன் அடித்தால் பெயின்ட் சுண்ணாம்பைத்தான் பிடிக்கும், சுண்ணாம்பு சுவரைப் பிடிக்காது, மொத்தமாகத் தோலுரியும். போஸ்டர் பசை மைதா. வெந்நீர் தெளித்து இருபது நிமிடம் ஊறவிட்டால் தகட்டுக்கு வந்துவிடும். எஞ்சும் பசையில்தான் பூஞ்சை பிடிக்கிறது என்பதால் பிளீச்சிங் பவுடர் கரைத்த நீரைத் தெளித்து, அரை மணி கழித்துக் கழுவுங்கள். பிறகு உள்ளங்கையால் அழுத்தித் தேய்த்துப் பாருங்கள். கையில் வெள்ளை ஒட்டினால் இன்னும் சுரண்ட வேண்டும்.

ஈரம் பார்க்க மீட்டர் தேவையில்லை. ஒன்றரை அடி சதுரத்தில் பாலிதீன் தாளை நாலு பக்கமும் டேப் போட்டு ஒட்டி, ஒரு நாள் விட்டுப் பிரியுங்கள். உள்பக்கம் முத்து முத்தாக நீர் கோத்திருந்தால் சுவர் இன்னும் தயாரில்லை. கீழே ஒன்று, நடுவில் ஒன்று, மேலே ஒன்று என்று மூன்று இடத்தில் பாருங்கள்.

கீழ் இரண்டடியில் ஓவியம் வேண்டாம். உப்பு ஓரளவுக்கு மறுபடி வரத்தான் செய்யும். சேறு தெறிக்கும், நாய் வரும், பைக் சாய்ப்பார்கள். அந்த இரண்டடிக்குச் செங்காவி சிமென்ட் பெயின்ட் அடித்துவிடுங்கள். எமல்ஷன் மாதிரி மூடாமல் ஈரத்தை வெளியே விடும், வருடம் ஒருமுறை யார் வேண்டுமானாலும் திருப்பி அடிக்கலாம். செங்காவியும் வெள்ளையும் மாறி மாறிப் பட்டை போட்டுவிடாதீர்கள், கோயில் மதிலாகிவிடும்.

கணக்கு: ஓவியத்துக்கு எஞ்சுவது 60 × 7 = 420 சதுர அடி. சொரசொரப்பான சுவரில் எக்ஸ்டீரியர் பிரைமர் ஒரு கோட் அடிக்க லிட்டருக்கு 90 முதல் 100 சதுர அடிதான் போகும், ஆகவே 5 லிட்டர். அடிப்படை வெள்ளை எக்ஸ்டீரியர் எமல்ஷன் இரண்டு கோட் அடிக்க 10 லிட்டர் வாளி ஒன்று. நிறங்களுக்கு 14 லிட்டர் போதும்: வெள்ளை 4, மஞ்சள், சிவப்பு, நீலம், செங்காவி தலா 2, பச்சை 1, கறுப்பு 1. கணக்குப்படி 10 லிட்டரே போதும். ஆனால் பலபேர் கையில் கப்பில் காய்ந்து வீணாவது அவ்வளவு இருக்கும். கீழ்ப்பட்டைக்கு 5 கிலோ சிமென்ட் பெயின்ட்.

காசை மிச்சம் பிடிக்க வெள்ளை வாளியில் ஸ்டெய்னர் என்ற நிறக் கரைசலைக் கலந்து எல்லா நிறமும் உண்டாக்கலாம் என்று யாராவது சொல்வார்கள். வெளிர் நிறத்துக்குச் சரி. லிட்டருக்கு 30 முதல் 40 மில்லிக்கு மேல் போனால் காயாது, முதல் மழையில் வழியும். அடர் நிறங்களைக் கடையிலேயே மெஷினில், அடர் நிறத்துக்கான பேஸில் கலந்து வாங்குங்கள். பளிச்சென்ற சிவப்பும் மஞ்சளும் ரோஸும் மேற்கு வெயிலில் சீக்கிரம் வெளுக்கும். செங்காவி, மஞ்சள் காவி, கறுப்பு ஆகிய ஆக்ஸைடு நிறங்கள் நிற்கும். எனவே படத்தின் பெரிய பரப்புகளைக் காவி வகையில் வைத்து, பளிச் நிறங்களைச் சின்ன இடங்களில் வையுங்கள். அவற்றைப் பிறகு தொட்டுச் சரி செய்வதும் எளிது.

வெளிச்சுவரில் உள்சுவருக்கான பட்டி போடவே வேண்டாம். கடைசியில் பளபளவென்று வார்னிஷ் அடிக்கும் ஆசையும் வேண்டாம். ஓதம் உள்ள சுவரில் அது ஈரத்தை உள்ளே பூட்டிவிடும்.

மூணாவது_பிளாக்

நன்றி அண்ணே. மண் தோண்டும் வேலைக்கு ஆள் இருக்கிறது, அதைப் பேசிக்கொள்கிறோம். கோடு போடுவது எப்படி? புரொஜெக்டர் வாடகைக்கு எடுக்கலாமா?

பட்டித்தகடு

புரொஜெக்டர் என்றால் இருட்டு வேண்டும், எதிரே தூரம் வேண்டும், தெருவில் போகிற ஒவ்வொரு வண்டிக்கும் கோடு மறையும். கட்டம் போதும். சுவரில் நூல் அடித்து ஓரடிக் கட்டம் போடுங்கள். வரைபடத்தில் ஓரடிக்கு ஒரு அங்குலம் என்று வைத்தால் 60 அங்குலத் தாளில் மொத்தப் படமும் வந்துவிடும். நூல் அடிக்க நீலப்பொடி எடுங்கள், லேசாக. பெர்மனென்ட் மார்க்கரால் மட்டும் கோடு போட வேண்டாம். மேலே எத்தனை கோட் அடித்தாலும் மார்க்கர் மை கசிந்து வெளியே வரும். சாக்பீஸில் வரைந்து, முடிவானதும் தண்ணீர் கூட்டிய இளஞ்சாம்பல் பெயின்டில் மெல்லிய பிரஷ்ஷால் உறுதிப்படுத்துங்கள்.

கோலமாவு

சுவர் பற்றி மேலே சொன்னது போதும். நான் ஆட்கள் பக்கம் சொல்கிறேன்.

“என்ன படம் வேணும்?” என்று கேட்காதீர்கள். கேட்டால் மயில், உழவர், மரம் நடும் குழந்தை, பூமியைத் தாங்கும் இரண்டு கை. எந்த ஊர்ச் சுவரிலும் இருப்பதுதான் வரும். கேட்க வேண்டியது வேறு: தண்ணீர் லாரி வரும்போது எங்கே நிற்பீர்கள்? ராத்திரி எந்த வழியாகப் போக மாட்டீர்கள்? இங்கே குடி வந்த நாளில் என்ன இருந்தது, இப்போது என்ன இல்லை? பிள்ளைகள் எந்த இடத்துக்கு என்ன பெயர் வைத்திருக்கிறார்கள்? பிளாக்குக்கு ஒரு சார்ட் பேப்பரில் குடியிருப்பின் வரைபடத்தை அவர்களே போடட்டும். கிணறு, குழாயடி, இஸ்திரி வண்டி, மாடிப்படியில் பூ கட்டும் இடம் என்று ஓவியத்துக்கான பொருள் அதிலிருந்தே விழும்.

கூட்டத்தைச் சமுதாயக் கூடத்தில் மட்டும் வைத்தால் எப்போதும் பேசுகிறவர்கள்தான் வந்து பேசுவார்கள். மாடிப்படித் திருப்பத்தில் வையுங்கள், பிளாக்குக்கு ஒன்று. நேரத்தையும் மாற்றி வையுங்கள்: ஒன்று தண்ணீர் பிடித்து முடித்த பிறகு, ஒன்று ஞாயிறு காலை, ஒன்று இரவு எட்டரைக்கு மேல். வீட்டு வேலைக்குப் போகும் பெண்களும் இரவு டூட்டி பார்ப்பவர்களும் ஒரே நேரத்தில் கிடைக்க மாட்டார்கள்.

குழு எட்டுப் பேர் போதும், பிளாக்குக்கு இரண்டு. அதில் பாதிப் பேராவது பெண்கள், வாடகைக்கு இருப்பவர்கள் இருவராவது இருக்கட்டும். ஒதுக்கீடு பெற்றவர்கள் பேரால் மட்டுமே சங்கம் நடக்கும் இடங்களில் வாடகைக் குடும்பங்கள் “நமக்கென்ன” என்று ஒதுங்கிவிடுகின்றன. எதெல்லாம் சுவரில் வராது என்பதை முதல் கூட்டத்திலேயே எழுதிக் கையெழுத்து வாங்குங்கள்: கட்சித் தலைவர், நடிகர், சாதி அடையாளம், சாமி, விளம்பரம். ஓவியம் பாதியில் இருக்கும்போது இந்த விதியைக் கொண்டுவந்தால் யாரையோ குறிவைத்து வந்ததாகத்தான் படும்.

நம்ம ஊரில் மட்டும் உள்ள ஒரு சிக்கல் சின்னங்கள். எந்தப் பிள்ளை கையில் தாளைக் கொடுத்தாலும் முதலில் இரண்டு மலை, நடுவில் சூரியன் போடும். அதை அப்படியே சுவரில் ஏற்றினால் உதயசூரியன். இலையை இரண்டிரண்டாக வரைவது, தாமரைக் குளம், மாம்பழம், பானை, பம்பரம், முரசு, விரித்த கை என்று எல்லாமே யாரோ ஒருவருடைய சின்னம். தேர்தல் அறிவித்தால் அதிகாரிகள் வெள்ளையடிக்க வரும்போது உங்கள் நோக்கத்தைக் கேட்க மாட்டார்கள். நிறமும் அப்படித்தான். கறுப்பு சிவப்பு அடுத்தடுத்து வந்தால் ஒன்று, நடுவில் வெள்ளை வந்தால் இன்னொன்று, அடர் நீலம் பெரிய பரப்பாக வந்தால் மற்றொன்று. வரைவைக் கையில் வைத்துக்கொண்டு ஊர்ப் பெரியவர் ஒருவரிடமும் பதினெட்டு வயதுப் பையன் ஒருவனிடமும் “இதுல கட்சி, சாதி ஏதாவது தெரியுதா?” என்று நேராகவே கேளுங்கள். அவர்கள் கண்ணுக்குத் தப்பாது.

வரைவு தயாரானதும் பிளாக்குக்கு இரண்டு பிரதி, மாடிப்படியில் ஒட்டி, பக்கத்தில் நூலில் ஒரு பேனா. ஒரு வாரம் விடுங்கள். கிறுக்குவார்கள், நல்லதுதான். இரண்டு பிளாக்குக்கு மேல் ஒரே ஆட்சேபம் வந்தால் மாற்றியே ஆக வேண்டும், தனி ஆட்சேபம் என்றால் குழு முடிவு செய்யும் என்ற விதி இருந்தால், “யார் சொன்னாங்க” என்ற சண்டையை அந்தத் தாளே முடித்துவிடும். திருத்திய வரைவையும் மறுபடி ஒட்டுங்கள். தன் கிறுக்கல் படத்தை மாற்றியிருப்பதைப் பார்த்த வீட்டிலிருந்து ஆள் வேலைக்கு வரும்.

முகங்கள் வரைவதாக இருந்தால் நிதானம் தேவை. சென்னையின் கண்ணகி நகர் மறுகுடியமர்வுக் குடியிருப்பில் அங்கேயே வளரும் பிள்ளைகளின் முகங்கள் பிளாக் உயரத்துக்கு வரையப்பட்டன, பார்க்கக் கம்பீரமாக இருக்கும். ஆனால் 60 அடிச் சுவரில் நான்கு முகம் என்றால் 124 வீட்டிலிருந்து “ஏன் அந்தப் பாட்டி?” என்ற கேள்வி வரும். ஒருவரை வரைவதென்றால் எழுத்தில் சம்மதம், சிறுவர் என்றால் பெற்றோரின் கையெழுத்து, பின்னால் அழிக்கச் சொன்னால் அழிப்போம் என்ற வரி, மூன்றும் வேண்டும். கைகள், தொழிற்கருவிகள், முதுகுப்பக்கம் தெரியும் உருவங்கள் ஆகியவை இந்தத் தொல்லையில்லாமல் ஆளைச் சொல்லும்.

வேலை நாள். ஆளுக்கு நாலடி என்றால் ஒரே நேரத்தில் 15 பேர்தான் நிற்க முடியும். 50 நிமிடத்துக்கு ஒரு அணி. காலை ஆறரையிலிருந்து பத்துக்குள் மூன்று அணி, மாலை நாலுக்கு மேல் ஒன்று. நடுவெயிலில் சுவர் சுட்டுக்கொண்டிருக்கும்போது அடித்தால் பெயின்ட் பிரஷ்ஷோடு இழுபடும், திட்டுத்திட்டாகக் காயும். ஒவ்வொரு பரப்பிலும் சாக்பீஸால் எண் போட்டு, அதே எண்ணைக் கப்பிலும் ஒட்டிவிடுங்கள். 3 என்ற கப் 3 என்ற இடத்துக்கு மட்டும். கப்பில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் ஊற்றக் கூடாது. ஒரு கப்புக்கு ஒரு பிரஷ், இடையில் கழுவ விடக் கூடாது. ஈரப் பிரஷ்ஷை அப்படியே முக்கினால் பெயின்ட் நீர்த்துச் சுவரில் வழியும். ஒன்றரை அங்குலப் பிரஷ் 20, ஓரங்குலம் 15, ரோலர் 4.

பிள்ளைகள் தரையில் நின்று கை எட்டும் உயரத்துக்கு மட்டும். அதற்கு மேலே அகலமான மேடைப் பலகையில் பெரியவர்கள். ஏணியில் கப்போடு யாரையும் ஏற்ற வேண்டாம். நாலு பேருக்கு ஒருவர் மேற்பார்வைக்கு. பாட்டிகளுக்கு நாற்காலி போட்டு இடுப்பு உயரத்துப் பரப்பைக் கொடுங்கள். கோலம் போடும் கைக்குப் புள்ளியும் வளைவும் தானாக வரும். ஒரு நீளமான கரைப் பட்டையை அவர்களுக்கே விட்டுவிடலாம், கட்டமும் எண்ணும் இல்லாமல்.

இரண்டு நாளில் பரப்பு நிரம்பிவிடும். அதன் பிறகுதான் தேர்ந்த கை தேவை: ஓரம் சீராக்குவது, நிழல், எல்லைக்கோடு. இது நாலைந்து நாள் வேலை. உங்கள் குடியிருப்பில் பெயின்டர் வேலைக்குப் போகிறவர்கள் நிச்சயம் இருப்பார்கள். அவர்களை ஞாயிற்றுக்கிழமை சும்மா உதவச் சொல்லாமல் நாள்கூலிக்கு எடுங்கள். மாணவர்களுக்கு மதிப்பூதியம் கொடுத்துவிட்டு இவர்களுக்கு டீ மட்டும் கொடுத்தால் அந்த வேறுபாடு சுவரைவிட அதிக நாள் நிற்கும். பிலடெல்பியாவில் 1984-ல் சுவர்க்கிறுக்கலைத் தடுக்கும் நகராட்சித் திட்டமாகத் தொடங்கி, பிறகு பெரிய சுவரோவிய இயக்கமாக வளர்ந்ததும் சரி, லாஸ் ஏஞ்சலிஸில் ஓவியர் ஜூடி பாக்கா 1976 முதல் வெள்ளநீர்க் கால்வாய்ச் சுவரில் அரை மைல் நீளத்துக்கு இளைஞர்களைக் கொண்டு வரைந்ததும் சரி, உழைப்புக்குக் கூலி என்பதை ஆரம்பத்திலேயே திட்டத்துக்குள் வைத்திருந்தன. பாக்காவின் சுவரில் 400-க்கும் மேற்பட்ட இளைஞர்கள் வேலை பார்த்தார்கள், பலர் சிறார் நீதி அமைப்பின் பிடியிலிருந்து வந்தவர்கள்.

முட்டுச்சந்து

எல்லாம் சரி. ஆனால் கேள்வியில் ஒரு வரி யாருமே தொடவில்லை: வடக்கு மூலையில் விளக்கு எரியவில்லை, ஆட்கள் ஒதுங்குகிறார்கள். அங்கே ஓவியம் போட்டால் நின்றுவிடும் என்று நினைக்க வேண்டாம். வழக்கமாக அடுத்து வரும் யோசனை சாமி பட டைல்ஸ். ஒதுங்குகிறவர் பத்தடி தள்ளிப் போவார், சுவர் ஒரு மதத்தின் சுவராகும், அவ்வளவுதான். விளக்குக்கு மனு, பக்கத்தில் பொதுக் கழிப்பறை இல்லையென்றால் அதற்கும் மனு, இரண்டும் பெயின்ட் வாங்குவதற்கு முன். எட்டுப் பேர் கொண்ட குழு கூடியிருக்கிறது, 128 வீட்டின் கையெழுத்து கையில் இருக்கிறது; அந்தக் கையெழுத்தை விளக்குக்கும் பயன்படுத்தாவிட்டால் பிறகெதற்கு?

சுவர் ஓவியத்தைக் குடிசைப் பகுதிக்கும் மறுகுடியமர்வுக்கும் மேக்கப் என்று விமர்சிக்கிறவர்கள் சொல்வதில் உண்மை உண்டு. கண்ணகி நகர் 2000-ஆம் ஆண்டு வாக்கில் நகரின் உள்ளேயிருந்து அப்புறப்படுத்தப்பட்டவர்களுக்காக, பழைய மகாபலிபுரம் சாலையோரம் கட்டப்பட்டது. வேலை ஒரு பக்கம், வீடு ஒரு பக்கம். 2020-ல் ஸ்டார்ட் இந்தியா (St+art India) என்ற தெருக்கலை அமைப்பு பெரிய சுவரோவியங்களைக் கொண்டுவந்தபோது, அந்த இடத்தின் பெயரைக் கேட்டாலே முகம் சுளித்தவர்கள் படமெடுக்க வந்தார்கள். பெயருக்கு ஒட்டியிருந்த களங்கம் கொஞ்சம் கழிவது சிறிய விஷயம் இல்லை, முகவரியைச் சொன்னதும் வேலை மறுக்கப்படும் இடங்களில் அது நேரடியாகவே பயன்படும். பேருந்தும் குடிநீரும் வேறு கணக்கு. இரண்டையும் ஒன்றாகக் குழப்பிப் பேசினால் ஓவியத்திடம் செய்ய முடியாததைக் கேட்போம், வாரியத்திடம் கேட்க வேண்டியதை மறப்போம்.

படமெடுக்க வருகிறவர்களையும் யோசியுங்கள். சியோலில் இஹ்வா என்ற மலைச்சரிவுக் குடியிருப்பில் 2006-ல் அரசுத் திட்டமாகச் சுவர்களிலும் படிக்கட்டுகளிலும் ஓவியம் வரைந்தார்கள். கூட்டம் குவிந்தது. இரைச்சல், குப்பை, வீட்டுக்குள் எட்டிப் பார்ப்பது. 2016-ல் குடியிருப்பவர்களில் சிலரே மிகப் பிரபலமான மீன் படிக்கட்டையும் பூப் படிக்கட்டையும் பெயின்ட் அடித்து அழித்தார்கள். உங்கள் சுவர் தெருப்பக்கம் இருப்பது நல்லது. படத்தை வளைத்து வாசலுக்குள்ளே, மாடிப்படி வரை கொண்டுபோக யாராவது ஆசைப்பட்டால் மறுத்துவிடுங்கள். சிறகு வரைந்து நடுவில் ஆள் நிற்க இடம் விடும் செல்ஃபி வகையும் வேண்டாம்.

இன்னொன்று: சமூகத்தோடு செய்யும் கலை என்றால் சுவராகத்தான் இருக்க வேண்டுமா? மியர்ல் லாடர்மேன் உக்கலிஸ் என்ற கலைஞர் 1979-80-ல் நியூயார்க்கின் துப்புரவுத் தொழிலாளர்கள் சுமார் 8,500 பேரை ஒருவர் விடாமல் சந்தித்துக் கைகுலுக்கி நன்றி சொன்னார், அதுவே படைப்பு. ஹூஸ்டனில் ரிக் லோவும் உடன் இருந்த கலைஞர்களும் 1993-ல் இடிய இருந்த 22 சிறு வீடுகளை மீட்டு, கலைக்கூடங்களாகவும் தனித்துப் பிள்ளை வளர்க்கும் இளம் தாய்மார்களுக்கு வீடாகவும் ஆக்கினார்கள். உங்கள் அளவுக்கு இது என்னவென்றால், சுவரடியில் 12 அடிக்கு ஒரு சிமென்ட் திண்ணை. உயரம் 16 அங்குலம், அகலம் 18. தண்ணீருக்கு நிற்கும் பெண்கள் உட்காருவார்கள், மேலே உள்ள படத்துக்கு தினமும் காவல் இருக்கும். பெயின்டில் ஏதாவது ஒரு நிறத்தைக் குறைத்தாவது இதைச் செய்யுங்கள். திண்ணையைச் சுவரோடு ஒட்டாமல் இரண்டங்குலம் இடைவெளி விட்டுக் கட்டச் சொல்லுங்கள், பட்டித்தகடு சொன்ன வடிகுழாய்கள் அடைபடக் கூடாது.

தபால்பெட்டி

காகித வேலை, சுருக்கமாக.

சுவர் யாருடையது என்று முதலில் தெரிந்துகொள்ளுங்கள். குடியிருப்பு வாரியத்தினுடையது என்பதால் சுவரும் வாரியத்தினுடையதாகவே இருக்கும் என்று சொல்லிவிட முடியாது. தெருவை ஒட்டியது மாநகராட்சி கட்டியதாகவும் இருக்கலாம். வாரியம் என்றால் (2021-லிருந்து தமிழ்நாடு நகர்ப்புற வாழ்விட மேம்பாட்டு வாரியம், பழைய குடிசை மாற்று வாரியம்தான்) உங்கள் பகுதிக்கான பொறியாளர் அலுவலகத்தில் தடையின்மைக் கடிதம் கேளுங்கள். மாநகராட்சி என்றால் மண்டல அலுவலகம். கவுன்சிலரிடம் சொல்வது மரியாதை, அவர் வாய்மொழியாகச் சரி என்பது அனுமதி ஆகாது. பொது இடங்களில் சுவர்களைச் சிதைப்பதைத் தடுக்கும் 1959-ஆம் ஆண்டுச் சட்டம் தமிழ்நாட்டில் இருக்கிறது, புகார் வந்தால் எழுத்தில் உள்ள அனுமதிதான் காப்பாற்றும்.

மனுவில் சுவரின் நீளம், உயரம், இப்போதைய நிலையின் படம், வண்ண வரைவு, வேலை நாட்கள், பொறுப்பாளர்கள் இருவரின் பெயர் ஆகியவற்றை இணையுங்கள். மண் தோண்டுவதையும் வடிகுழாயையும் திண்ணையையும் தனியாகக் குறிப்பிடுங்கள், ஏனென்றால் அவை கட்டுமான வேலை. கடிதத்தில் ஒரு கேள்வியையும் சேர்த்துவிடுங்கள்: அடுத்த மூன்று வருடத்தில் இங்கே மறுகட்டுமானமோ மழைநீர் வடிகால் வேலையோ கேபிள் பள்ளமோ திட்டத்தில் உண்டா? பழைய பிளாக்குகளை இடித்துக் கட்டும் திட்டத்தில் உங்கள் குடியிருப்பு இருந்தால் 420 சதுர அடி ஓவியத்துக்குப் பதில், கழற்றி எடுத்துப் போகக்கூடிய பலகைகளில் வரையலாம்.

சுவரை ஏற்கெனவே ஏதாவது கட்சி ‘முன்பதிவு’ செய்து எழுதியிருந்தால் அழிப்பதற்கு முன் அந்தப் பகுதிச் செயலாளரிடம் ஒரு வார்த்தை பேசிவிடுங்கள். சட்டப்படி தேவையில்லை. ஓவியம் முடிந்த மறுநாள் அதன் மேல் எழுத்து வராமல் இருக்கத் தேவை.

உரிமை விஷயம். பதிப்புரிமைச் சட்டம் 1957-இன் 57-ஆம் பிரிவு, படைப்பாளி தன் பெயரைக் கோரவும் படைப்பைச் சிதைப்பதை எதிர்க்கவும் உரிமை தருகிறது. விஞ்ஞான் பவனில் இருந்த சுவர்ச் சிற்பத்தை அரசு பெயர்த்து எடுத்த வழக்கில் 2005-ல் டெல்லி உயர் நீதிமன்றம் அதைச் செய்த சிற்பி அமர்நாத் செகலுக்கு 5 லட்ச ரூபாய் இழப்பீடும், எஞ்சிய பகுதிகளைத் திருப்பித் தரவும் உத்தரவிட்டது. உங்கள் ஓவியத்துக்கு நூறு பேர் கை. அதனால் ஒரு பக்க ஒப்பந்தம் எழுதிக்கொள்ளுங்கள்: வரைவு யாருடையது, குழு திருத்தலாமா, சுவர் இடிபட்டால் ஆட்சேபம் இல்லை, விளம்பரப் படப்பிடிப்புக்குப் பின்னணியாகக் கேட்டால் குழுவின் எழுத்துச் சம்மதம் வேண்டும், வரும் தொகை பராமரிப்புக்கு. மாணவர்கள் இருவரும் கட்டாயம் கையெழுத்திட வேண்டும்.

நன்கொடை கொடுத்தவர் பெயர் ஏ4 தாள் அளவுக்கு மேல் கூடாது என்று முதலிலேயே எழுதிவிடுங்கள். டியூப் லைட்டில் வெளிச்சத்தை மறைத்து ‘உபயம்’ எழுதும் ஊர் இது.

திரட்டும் பணத்தில் ஆறில் ஒரு பங்கைத் தொடாமல் தனியாக வையுங்கள். சுயஉதவிக் குழுவின் வங்கிக் கணக்கிலேயே இருக்கலாம். ஒவ்வொரு நிறத்திலும் கால் லிட்டர், காற்றுப் புகாமல் மூடி, மேலே எண்ணும் ஷேடு குறியீடும் எழுதி, நிழலில் யார் வீட்டிலாவது. வருடம் ஒருமுறை மழை முடிந்ததும் கழுவி, உரிந்ததைச் சுரண்டி, தொட்டுச் சரிசெய்ய ஒரு ஞாயிறு போதும். ஐந்தாவது வருடம் அதே படத்தைப் புதுப்பிப்பதா, வெள்ளையடித்துவிட்டுப் புதிதாக வரைவதா என்று குழு கூடி முடிவெடுக்கும் என்றும் இப்போதே எழுதிவையுங்கள்.

மூணாவது_பிளாக்

எல்லாருக்கும் நன்றி. விளக்கு மனு முதலில் போகிறது. திண்ணை யோசனை குழுவில் எல்லாருக்கும் பிடித்துவிட்டது. ஒரே ஒரு சந்தேகம்: நாலாவது மாடியிலிருந்து இறங்கி வர முடியாதவர்கள் சிலர் இருக்கிறார்கள். துணியில் வரைந்து சுவரில் ஒட்டும் முறை ஒன்று உண்டு என்கிறார்களே, அது இங்கே ஆகுமா?

பட்டித்தகடு

பிலடெல்பியாவில் பெரும்பாலும் அந்த முறைதான். நெய்யாத மெல்லிய பாலியெஸ்டர் துணியை ஐந்தடிச் சதுரமாக வெட்டி, எண் போட்ட கோட்டுப்படத்தை அதில் ஏற்றி, பள்ளியிலோ முதியோர் இல்லத்திலோ சிறையிலோ மேசை மேல் வைத்து வரைவார்கள். பிறகு கெட்டியான அக்ரிலிக் ஜெல்லால் சுவரில் ஒட்டுவார்கள். ஆனால் உங்கள் சுற்றுச்சுவருக்கு வேண்டாம், ஓதத்தில் துணி முழுசாக உரிந்து வரும். நாலாவது பிளாக்கின் பக்கச் சுவர் உலர்ந்திருந்தால் அங்கே, தரையிலிருந்து ஆறடிக்கு மேலே ஒரு பத்துக்கு ஐந்தடி ஒட்டலாம். அனுமதி மனுவில் அதையும் சேர்த்துவிடுங்கள்.

துணிக்கு, தையல் சாமான் கடையில் காலருக்குள் வைக்கும் நெய்யாத லைனிங் கேளுங்கள். பசை பூசாத பாலியெஸ்டராக இருக்க வேண்டும். துணிக்கடைப் பை செய்யும் பாலிபுரொபிலீன் துணி மலிவு, ஆனால் அதில் பெயின்டும் பிடிக்காது, பசையும் பிடிக்காது, வெயிலில் நொறுங்கும். அடியில் பிளாஸ்டிக் தாள் விரித்து வரையுங்கள், பெயின்ட் துணியைத் தாண்டி இறங்கும். காய்ந்ததும் பிளாஸ்டிக்கிலிருந்து மெதுவாக உரித்தெடுத்து, இடையில் பட்டர் பேப்பர் வைத்துச் சுருட்டுங்கள். படம் படத்தோடு ஒட்டிக்கொண்டால் பிரிக்க முடியாது.

ஒட்டும்போது ஜெல்லைச் சுவரிலும் துணியின் முதுகிலும் தடவி, நடுவிலிருந்து ஓரத்துக்கு ரப்பர் தகட்டால் காற்றைத் தள்ளி வெளியேற்றுங்கள். மர வேலைக்கான வெள்ளைப் பசை போதுமே என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள், மழையில் அது மறுபடி இளகும். துண்டுகள் சேரும் இடத்தில் அரையங்குலம் ஏற்றி ஒட்டி, மேல் துண்டின் விளிம்பு கீழ்நோக்கி இருக்கும்படி பாருங்கள், நீர் உள்ளே நுழையாது. இரண்டு நாள் கழித்துச் சேர்ப்புக் கோட்டின் மேல் அதே நிறத்தைத் தொட்டுவிட்டால் தெரியாது. முதல் மழைக்கு முன் குறைந்தது மூன்று வாரம் வெயில் கிடைக்கட்டும்.